அரணை கடித்தால் மரணமா?

“அரணை கடித்தால் மரணம்” என்னும் சொல்லைக் கேளாத தமிழ்க் குடும்பம் இராது. எழுத்தறியாத பாட்டியும் அதனைச் சொல்வார். பட்டம் பெற்று வந்த பேரனும் அதனையே சொல்வான். அரணை, மரணம் என்னும் இரு சொற்களும் ஓசையால் பொருந்திவிட்டன. ஓசை பொருந்தியதைக் கண்டு உண்மையும் பொருந்தியதென நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையின் பொருட்டுத் துடைப்பத்துக்கும் கல்லுக்கும் இரையான அரணைகள் கணக்கில் அடங்கா. அரணையின் நஞ்சால் மாண்ட மனிதரோ ஒருவரும் இலர். ஏனெனில், அரணைக்கு நஞ்சே கிடையாது.

இதனை இவ்வளவு அழுத்தமாக எழுதக் காரணம் உண்டு. அஞ்ச வேண்டாததைக் கண்டு அலறுகிறவன், அஞ்ச வேண்டியது அருகே வரும்போது கவனியாது இருந்துவிடுகிறான். வேலியோரத்தில் வாழும் ஊர்வனவற்றின் பெயரையும் இயல்பையும் நாம் அறியாமையால் அவ்வுயிர்களும் மடிகின்றன. சில வேளைகளில் நம் வீட்டு உயிர்களும் மடிகின்றன. நம் ஊரில் நாமே கண்ட இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை விளக்க விழைகிறோம். அதற்கு முன், அந்த வேலியோரத்துக் குடிகளை வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தல் முறையாகும்.

வேலியோரத்துக் குடிகள்

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று நாம் குடியிருப்பது தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், செம்மணல் தேரிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். பனையும் உடைமரமும் மிகுந்த வறண்ட பூமி அது. வீட்டின் பின்புறம் சிறு தோட்டம். அதனைச் சுற்றிக் கிளுவை வேலி. மூலையில் பழைய சுவரை இடித்தபோது குவித்துவைத்த கற்கள். ஓய்வுக்காலத்தில் காலைவேளைகளில் அங்கு அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது நமக்கு வழக்கமாயிற்று.

காலை இளவெயில் கற்குவியலைத் தொட்டதும் முதலில் வெளிவருவது அரணைதான். செம்பு வார்த்தாற் போன்ற முதுகு. இருபுறமும் வெளிர்மஞ்சள் கோடு. எண்ணெய் பூசினாற் போன்ற மினுமினுப்பு. கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடல். கல்லின் மீது உடலைப் பரப்பிச் சற்று நேரம் அசையாது கிடக்கும். சோம்பலால் அன்று. நம் உடல் உண்ட உணவிலிருந்து வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஊர்வனவோ அவ்வெப்பத்தைக் கதிரவனிடம் பெற்றுக்கொள்கின்றன. உடல் சூடேறிய பின்னரே அரணையால் ஓடவும் இரை தேடவும் இயலும். பின்பு சருகுக்குள் நுழைந்துவிடும். சலசலப்பு மட்டும் கேட்கும். வெட்டுக்கிளி, கரப்பான், சிள்வண்டு, கறையான் ஆகியவை அதன் உணவு. சம்பளமின்றி நம் தோட்டத்தில் வேலை செய்யும் காவற்காரன் அது.

உலகில் 1,700க்கும் மேற்பட்ட அரணையினங்கள் உள்ளன. சில முட்டையிடும், சில குட்டி ஈனும். நம் பக்கத்தில் பாம்பரணை என்று ஒன்றைச் சொல்கிறோம். மெலிந்த உடலும் மிகச் சிறிய கால்களும் உடைய அதன் குஞ்சுக்கு வால் செக்கச்செவேலென்று இருக்கும். அந்தச் சிவப்பைக் கண்டே பலர் நஞ்சென்று அஞ்சுகின்றனர். அதுவும் தீங்கற்றதே. இந்தியாவில் வாழும் அரணை, ஓணான், பல்லி ஆகிய குலங்கள் எதிலும் மனிதனைக் கொல்லும் நஞ்சுடையது ஒன்றுமில்லை.

கிளுவைக் கிளையில் ஓணான் இருக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்பது பழமொழி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்துவிடும். பெண்ணைக் கவரவும் பிற ஆண்களை எச்சரிக்கவும் இயற்கை அளித்த நிறம் அது. நம் ஊர்ச் சிறுவர்களோ, தொலைவிலிருந்தே அது நம் இரத்தத்தை உறிஞ்சுவதால் சிவக்கிறது என்று நம்பினர். பனை ஈர்க்கில் சுருக்கிட்டு அதனைப் பிடித்து, வாயில் மூக்குப்பொடியைத் திணித்து, அது தள்ளாடுவதைக் கண்டு கைகொட்டுவது விடுமுறைக்கால விளையாட்டாக இருந்தது. வகுப்பில் எத்தனையோ முறை அதனைக் கண்டித்துப் பேசினோம். ஆயினும், அது சிவப்பதன் காரணத்தைச் சொன்ன பிறகுதான் சில சிறுவர்களாவது சுருக்கைக் கீழே போட்டனர். கண்டிப்பு செய்யாததை அறிவு செய்தது.

மணற்பாங்கான வெளியில் மற்றொருவரைக் காணலாம். விரல் நீளமே உள்ள ஓணான் அது. ஆண் சிறு கல்லின் மேல் ஏறி நின்று, தொண்டைக்கடியிலுள்ள தோலை விசிறி போல் விரிக்கும், மடக்கும். 1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே இவ்வகையில் ஒன்றுக்குப் பெயரிட்டபோது அதனைப் புதுச்சேரியின் பெயரால் வழங்கினார். 2016இல் ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் புதிதாக இனங்கண்ட மற்றொன்றுக்கு, பனையோலை விசிறியைக் குறிக்கும் நம் ‘விசிறி’ என்ற சொல்லையே அறிவியற்பெயராகச் சூட்டினர். உலக அறிஞர் ஏட்டில் தமிழ்ச் சொல் ஏறிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வுயிரின் பெயர் தெரியாது!

இரவில் சுவரிலே பல்லி. அதன் விரல்களின் அடியில் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் அடர்ந்திருப்பதால் வழவழப்பான சுவரிலும் விழாமல் ஓடுகிறது. பல்லிக்கும் நஞ்சில்லை. எனினும், பல்லி விழுந்த உணவை உண்ணலாகாது. அதன் குடலிலுள்ள நோய்க்கிருமிகள் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் விளைவிக்கக்கூடும். நஞ்சு வேறு, கிருமி வேறு.

கட்சி மாறுகிறவனைப் பச்சோந்தி என்கிறோம். பிடித்ததை விடாதவனை உடும்புப் பிடிக்காரன் என்கிறோம். மறதிக்காரனுக்கு அரணைப் புத்தி என்று பட்டம் சூட்டுகிறோம். நம் பேச்சுக்கு இவ்வளவு கொடுத்த உயிர்களை நாம் நின்று பார்த்ததே இல்லை.

கயிறு செய்த தீங்கு

இப்போது முதல் நிகழ்ச்சி. 2012ஆம் ஆண்டு. அடுத்த தெருவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டிக்கு உதவியாக விறகடுக்கில் கைவிட்டாள். உள்ளே இருந்த அரணை அகப்பட்டுக்கொண்ட அச்சத்தில் அவள் விரலைக் கவ்விவிட்டது. அலறல் எழுந்தது. தெருவே திரண்டது. யாரோ ஒருவர் மணிக்கட்டில் கயிற்றை இறுகக் கட்டினார்; இன்னொருவர் மிளகை வாயில் போட்டு மெல்லச் சொன்னார். நம்மிடம் வண்டி இருந்தமையால் பாட்டி ஓடி வந்தார். “ஐயா, அரணை கடிச்சிட்டு! பிள்ளை பிழைக்குமா, ஐயா?” என்று அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது.

போய்ப் பார்த்தோம். விரலில் ஊசி குத்தினாற் போன்ற சிறு கீறல், அவ்வளவே. ஆனால், கயிற்றுக்குக் கீழே சிறுமியின் கை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. அடித்துக் கொல்லப்பட்டது அரணைதான் என்பதைக் கண்ட பின் கயிற்றை அவிழ்த்தோம். காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் தடுப்பூசி ஒன்றைப் போட்டுவிட்டு, “கடி ஒன்றும் செய்யாது, இந்தக் கயிறு இன்னும் சில மணி நேரம் இருந்திருந்தால் கைக்குத்தான் ஆபத்து” என்றார். அரணை செய்யாத தீங்கை அரணையைப் பற்றிய சொல் செய்ய இருந்தது.

திரும்பி வந்தபோது முற்றத்தில் நின்றவர்கள் அறுந்து கிடந்த வாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். “உடம்பு செத்த பிறகும் வால் துடித்தது, ஐயா, அதுதான் நஞ்சு” என்றார் ஒருவர். துடித்தது உண்மை, நஞ்சென்பது பொய். பகைவன் பிடித்தால் வாலைக் கழற்றிவிட்டுத் தப்புவது அரணைக்கு அமைந்த தற்காப்பு. வாலெலும்பில் அதற்கெனவே முறியும் இடங்கள் உள்ளன. கழன்ற வால் துடிக்கும், பகைவன் அதனைக் கவனிப்பான், அரணை ஓடிவிடும். பின்னர் வால் மீண்டும் வளரும். ஆனால் எலும்புக்கு மாறாகக் குருத்தெலும்பே அதில் இருக்கும். பஞ்ச காலத்துக்கென அரணை கொழுப்பைச் சேமித்து வைப்பதும் வாலில்தான். சேமிப்பு முழுவதையும் கொடுத்து உயிரை மீட்டுக்கொள்ளும் அந்த எளிய உயிரைத்தான் கொலைகாரன் என்று நாம் ஏசுகிறோம்.

தெரு ஓடாத ஓர் இரவு

இரண்டாம் நிகழ்ச்சி துயரமானது. 2014ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், முதல் மழை பெய்து ஓய்ந்த சமயம். நம் ஊரில் பனையேறும் தொழிலாளி ஒருவர். மூன்று பிள்ளைகளின் தந்தை. திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், பின்னிரவில் தோளில் எறும்பு கடித்தாற் போன்று உணர்ந்து விழித்தார். தட்டிவிட்டு மறுபடியும் உறங்கினார். வீக்கமில்லை, வலியில்லை. விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்தது. சற்று நேரத்தில் இமைகள் தாமாகச் சரிந்தன. உறக்கக் கலக்கம் என்று வீட்டார் எண்ணினர். பின்பு ஐயம் தோன்றி, அடுத்த ஊரில் விஷக்கடிக்குப் பார்வை பார்க்கும் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் பச்சிலை கொடுத்து, மந்திரித்த நூல் கட்டி, அஞ்ச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஒன்பது மணிக்கு அவரால் எச்சிலை விழுங்க இயலவில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

மாலையில் திண்ணையோரம் பழைய ஓலைப்பாய்களைப் புரட்டியபோது அது கிடந்தது: கருநிற உடலில் மெல்லிய வெண்பட்டைகள் ஓடும் கட்டுவிரியன். அவருடைய மூத்த மகள் அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் இருந்தாள். அரணைக்குத் திரண்ட தெரு கட்டுவிரியனுக்குத் திரளவில்லை. அரணை கண்ணுக்குத் தெரிந்தது; சொல்லும் துணைக்கு இருந்தது. கட்டுவிரியனோ ஓசையின்றி வந்து, வலியின்றிக் கடித்துச் சென்றது.

இது நம் ஊர்த் துயரம் மட்டுமன்று. 2020இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வு, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் எனக் கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள். பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார், பாதிப்பேர் 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்கள். அதாவது, குடும்பத்தைத் தாங்கும் தூண்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, மருத்துவமனைகள் தவறாது அறிவிக்க வேண்டிய நோய்களுள் அதனை வைத்தது.

நம் நாட்டில் பெருந்தொகையான இறப்புகளுக்குக் காரணம் நான்கு பாம்புகளே: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து உண்டு. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆகவே, கடிபட்டால் செய்யத்தக்கது ஒன்றே: தாமதமின்றி மருத்துவமனை. கடிவாயைக் கீறுதலும், உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் கூடா. மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைக்க வேண்டும். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். கடித்தது இன்னதென்று தெரியாவிடினும், ஐயம் எழுந்தால் போயே ஆக வேண்டும். பாம்பைத் தேடிப் பிடித்து உடன் கொண்டு செல்ல வேண்டிய தேவையில்லை. அந்த முயற்சியில் இன்னொருவர் கடிபடக்கூடும்.

அந்த முறிமருந்துக்கு மூலமான நஞ்சைத் தருவோர் யார்? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். முன்னர் தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த மக்கள் அவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அத்தொழில் முடங்கியது. இன்று பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, உயிருடன் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளிப் படிப்பு எட்டாத அம்மக்களின் மூலதனம், எந்த உயிர் எது, அது எங்கே வாழும் என்னும் அறிவு. அவ்வறிவுதான் நாடெங்கும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தந்தையையும் தாயையும் மீட்டுத் தருகிறது.

அவ்வறிவு இல்லாத இடத்தில் எல்லாப் பாம்பும் அடிபடுகிறது. எலியைத் தின்று நெல்லைக் காக்கும் சாரைக்கு நஞ்சில்லை. நாம் அதனை நல்லபாம்பின் துணை என்று சொல்லி அடிக்கிறோம். கொம்பேறிமூக்கன் கடித்தவனின் உடல் எரிவதை மரத்தின் மேலிருந்து பார்த்துவிட்டே போகும் என்கிறோம். அதுவும் மனிதனுக்குத் தீங்கு செய்யாதது. வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சற்ற சிறு பாம்பு, பட்டைகளால் கட்டுவிரியனை ஒத்திருப்பதால் மாள்கிறது. சாரையைக் கொன்ற வீட்டில் எலி பெருகும். எலி பெருகிய வீட்டுக்கு நல்லபாம்பு விருந்துக்கு வரும்.

அவற்றின் வீடு

நமக்கு முற்றம், அடுக்களை, படுக்கையறை, பிள்ளைப்பேற்றுக்கு ஓர் அறை என வேண்டியிருப்பது போல் அரணைக்கும் வேண்டும். வெயில் படும் கல்லே அதன் முற்றம்; பூச்சி மலிந்த சருகே அடுக்களை; கல்லிடுக்கே படுக்கையறை; ஈரம் காயாத இளகிய மண்ணே முட்டையிடும் அறை. இந்நான்கும் சில அடிக்குள் அமைந்துவிட்டால் அதற்குப் போதும். காடு வேண்டியதில்லை; நம் வீட்டுப் பின்புறமே அதற்கு ஓர் உலகம்.

அந்த உலகைத்தான் நாம் அறியாமலேயே சுருட்டிக்கொண்டிருக்கிறோம். கிளுவை வேலி போய் மதில் வந்தது. முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசினோம். விழும் சருகை அன்றாடம் கூட்டி நெருப்பிடுகிறோம். பூச்சி மருந்து தெளிக்கிறோம்; பூச்சியும் சாகிறது, பூச்சியைத் தின்றதும் நோகிறது. கடலோரத்து மணற்குன்றுகளிலே வாழும் அரணையினமும் ஒன்று உண்டு. குன்று சமனாக்கப்பட்டு மனையாகும்போது அது எங்கே செல்லும்? பச்சோந்தி மெல்ல மெல்லச் சாலையைக் கடக்கையில் வண்டிச் சக்கரத்தில் நசுங்குகிறது.

பேராசையும் தன் பங்குக்கு அழிக்கிறது. மண்ணுளிப் பாம்பின் மழுங்கிய வாலைக் கண்டு இருதலை என்று சொல்லி, செல்வம் கொழிக்கும் என்று ஆசை காட்டி, இலட்சக்கணக்கில் பணம் பறிக்கும் கும்பல்கள் உள்ளன. ஏமாந்த குடும்பங்களும் பல. உடும்பை இறைச்சிக்காக வேட்டையாடுவது, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகம் 2019இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. வீட்டில் வளர்த்தால் நலம் பெருகும் என்று அதனை வாங்கி வைப்போர் இன்னும் இருக்கின்றனர். பிற உயிரைச் சிறைவைத்துப் பெறும் நலம் என்ன நலமோ!

2022இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று 10,196 ஊர்வன இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் 21 விழுக்காடு அழிவின் விளிம்பில் உள்ளன எனக் காட்டியது. ஐந்தில் ஒன்றுக்கும் அதிகம். எங்கும் காணும் அரணை அழியுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு தீவின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு தீவு சொல்லும் பாடம்

இந்தியப் பெருங்கடலில், சாவகத் தீவுக்குத் தெற்கே, ஆஸ்திரேலிய ஆட்சிக்குட்பட்ட சிறு தீவொன்று உள்ளது. 1643ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அவ்வழியே சென்ற ஆங்கில மாலுமி ஒருவர் அதற்குக் கிறிஸ்துமஸ் தீவு எனப் பெயரிட்டார். அதன் காட்டில், உலகில் வேறெங்கும் இல்லாத பழுப்பு நிற அரணையினம் ஒன்று வாழ்ந்தது. 1970களின் இறுதியில்கூட எங்கும் மலிந்து கிடந்தது. எண்பதுகளில், நம் வெள்ளிக்கோல் வரையனின் உறவான பாம்பொன்று வெளியிலிருந்து சரக்குகளோடு வந்து அங்கே பரவியது. அதனைக் கண்டறியாத தீவின் அரணைகளுக்குத் தப்பும் வழி தெரியவில்லை. அவை குறைவதை ஊரார் பொருட்படுத்தவில்லை, அரணைதானே!

காப்பாற்ற முனைந்தபோது காலம் கடந்துவிட்டது. கடைசியாக ஒரே ஒரு பெண் அரணை கூண்டில் எஞ்சியது. காவலர்கள் அதற்கு ‘கம்ப்’ எனப் பெயரிட்டுப் பேணினர். துணையாக ஓர் ஆணைத் தேடிக் காடெங்கும் அலைந்தும் கிடைக்கவில்லை. 2014 மே 31ஆம் நாள் அது இறந்தது. அதனோடு அவ்வினமே உலகிலிருந்து மறைந்தது. அதே தீவின் நீலவால் அரணையோ பிழைத்துக்கொண்டது. காட்டில் மறைவதற்குள் சிலவற்றைப் பிடித்து வந்து பெருக்கினார்கள். 2019இல் அவற்றுள் ஒரு பகுதியைக் கொக்கோஸ் தீவுகளில் விடுவித்தார்கள். இரண்டும் ஒரே தீவில் வாழ்ந்தவை. ஒன்றை நோக்கி நீண்ட கை உரிய காலத்தில் நீண்டது, மற்றொன்றை நோக்கி நீண்டது காலம் கடந்து நீண்டது.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

“பாம்பும் வேண்டாம், ஆபத்தும் வேண்டாம், அரணையை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது?” என்று இல்லத்தரசிகள் கேட்பது நியாயமே. நம் வீட்டிலும் இக்கேள்வி எழுந்தது. நாம் கண்ட வழி எளிது. வீட்டை ஒட்டிய இடம் வீட்டுக்கு; தோட்டத்தின் கோடி அவற்றுக்கு. விறகு, கற்கள், பழைய ஓலை ஆகியவற்றை வாசலுக்கும் படுக்கைக்கும் அருகே வைத்தலாகாது. தானியத்தை மூடிவைத்தால் எலி வராது. எலி வராவிடின் பாம்பு வராது. தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில், கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு உறங்குதல் கட்டுவிரியனுக்கு எதிரான நல்ல காவல். இருளில் செல்கையில் கையில் விளக்கும் காலில் செருப்பும் வேண்டும். மழைக்காலத்தில் விறகை எடுக்குமுன் கோலால் தட்டிப் பார்த்தல் நலம்.

தோட்டக் கோடியிலோ கையகல நிலத்தை அதன் போக்கில் விட்டுவிடலாம். நாலு கல், ஒரு சருகுக் குவியல், ஒரு கிளுவைக் கொத்து, செலவு ஏதுமில்லை. சருகை எரிக்காமல் மட்கவிட்டால் உரமும் கிடைக்கும். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அடிக்க முனையாமல், அகன்று நின்று தீயணைப்புத் துறையினரையோ வனத்துறையினரையோ அழைக்க வேண்டும்.

இவை அனைத்திலும் மேலானது ஒன்று உண்டு. அது பிள்ளைகளுக்குப் பெயர் கற்பித்தல். அரணை இது, பாம்பரணை இது, சாரை இது, கட்டுவிரியன் இது என்று பிரித்தறியத் தெரிந்த பிள்ளை, தீங்கற்றதன் மீது கல்லெறியாது. தீங்குள்ளதன் அருகே கைநீட்டாது. பாட்டிமார் “அரணை கடித்தால் மரணம்” என்று சொல்லிக்கொடுத்தது பேரப் பிள்ளைகள் மீதுள்ள அன்பினால்தான். அந்த அன்பு குறையாமல், சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லிக்கொடுப்போம்: அரணை கடித்தால் சோப்பிட்டுக் கழுவு, பாம்பு கடித்ததோ என்று ஐயம் எழுந்தால் அந்நொடியே மருத்துவமனைக்கு ஓடு. ஓசை நயம் இதில் இல்லைதான். ஆயினும், உயிரைக் காப்பது இதுவே.